கலமுண்ணி: ஒரு மண்வாழ் பற்றீரியாச் சாதியின் வரலாறு

தாவரங்கள் ஆண்டுதோறும் ஆக்கும் சேதனப் பொருள்களுள் அளவால் மிக்கது செலுலோசு ஆகும். பருத்தி நார் ஏறத்தாழ முழுவதும் அதுவே. மரக்கட்டையிற் பாதிக்குச் சற்றுக் குறைவாகவும், வைக்கோலில் மூன்றிலொரு பங்களவாகவும் அது அமைந்துள்ளது. 1838 ஆம் ஆண்டிற் பிரெஞ்சு இரசாயனவியலாளரான அன்செல்ம் பாயென் பல்வேறு தாவரங்களின் கலச்சுவர்களிலிருந்து ஒரே அமைப்புடைய பொருளொன்றைப் பிரித்தெடுத்தார். செலுலோசு என்னும் பெயர் அதற்கு வழங்கலாயிற்று. நீரிற் கரையாத, மனிதரின் உணவுக்கால்வாயாற் செரிக்க இயலாத இப்பொருள் விழுந்த இடத்திலேயே கிடந்துவிடுமாயின், காடுகளும் வயல்களும் தம் சருகினாலேயே மூடுண்டு போயிருக்கும். வளியிலுள்ள காபனீரொட்சைட்டும் மீளாத கடனாக மண்ணில் முடங்கியிருக்கும். அவ்வாறு நிகழவில்லை என்பதைக் கண்ணெதிரே காண்கின்றோம். ஆகவே செலுலோசை உண்பார் எவரோ மண்ணில் உளர். அவர் யாவர் என்னும் வினா பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்தது. அவ்வினாவுக்குக் கிடைத்த விடைகளுள் ஒன்றன் வரலாறே இக்கட்டுரையின் பொருள்.

நுண்ணுயிரியலின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் நோய்க்கிருமிகளின் வரலாற்றையே எழுதுகின்றனர். வாந்திபேதி, காசநோய், நீர்வெறுப்பு ஆகியவற்றைச் சூழ்ந்து நிற்கும் நாடகத்தன்மை மண்ணில் ஊரும் ஒரு நுண்கோலுக்கு இல்லை என்பது உண்மையே. ஆயினும் சைற்றோபாகா எனப்படும் பற்றீரியாச் சாதியின் கதையிற் பிழையான பெயர்களும், நாடிழந்த ஒரு முதியவரின் மறுவாழ்வும், ஓர் உலகப் போரின் எருப் பஞ்சமும், இன்னும் முற்றாக அவிழாத ஒரு புதிரும் உள்ளன. இவ்வளவும் இருந்தும் எமது பாடநூல்களில் அதற்கு ஒரு வரிக்கு மேல் இடம் கிடைப்பதில்லை.

முதலிற் பெயரைப் பற்றி ஒரு சொல். கிரேக்க மொழியிற் 'கைற்றொஸ்' என்பது உள்ளீடற்ற பாத்திரத்தைக் குறிக்கும். 'பாகெயின்' என்பது உண்ணுதல். உயிரியலாளர் பாத்திரத்தைக் குறிக்கும் அச்சொல்லையே உயிரின் அடிப்படை அலகுக்கு ஆண்டனர். எமது கலைச்சொல்லாக்கக்காரர் அதே அலகுக்குக் 'கலம்' என்னும் சொல்லைத் தேர்ந்தபோது, அதுவும் பாத்திரத்தைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல்லாகவே அமைந்தது. எனவே சைற்றோபாகாவைக் 'கலமுண்ணி' என்று தமிழாக்கினால் மூலத்தின் இரு பொருளும் கெடாமல் வந்துவிடுகின்றன. உண்மையில் இப்பற்றீரியம் கலத்தை உண்பதில்லை. கலத்தின் சுவரையே உண்கின்றது. வீட்டில் வாழ்ந்தவர் இறந்தபின் வீட்டின் மதிலைத் தின்பது போன்றது அதன் தொழில்.

செலுலோசு அழிவதைப் பற்றிய ஆரம்ப ஆய்வுகளை விரித்துரைக்க வேண்டியதில்லை. 1870களில் வான் தீகெம் அத்தொழிலை ஒரு கோலுருப் பற்றீரியத்துக்கு உரித்தாக்கினார். 1886 இல் ஹோப்பெ-செய்லர், ஆற்றுச் சேற்றில் இட்ட வடிதாளிலிருந்து மெதேனும் காபனீரொட்சைட்டும் வெளிவருவதை அளந்து காட்டினார். அதன்பின் சென் பீற்றர்ஸ்பேர்க்கில் வசிலி ஒமெலியான்ஸ்கி ஒட்சிசன் அற்ற நிலையில் நிகழும் செலுலோசு நொதித்தலைப் பல ஆண்டுகள் பொறுமையோடு ஆராய்ந்தார். இவையாவும் காற்றுப் புகாத சேற்றின் கதை. உழுத நிலமோ காற்றோட்டமுடையது. அங்கு நிகழ்வது என்ன என்பதை முதன்முதலாக ஒழுங்காக நோக்கியவர் ஒல்லாந்தின் டெல்ஃப்ற் நகரிற் பெய்யரிங்கின் மாணவராயிருந்த வான் இற்றர்சன் ஆவார். 1904 இல் அவர் கையாண்ட முறை மிக எளிது. கண்ணாடித் தட்டில் வடிதாளை விரித்து, கனியுப்புக் கரைசலால் நனைத்து, சிறிது மண்ணைத் தூவிவிட்டுக் காத்திருந்தார். தாளிற் கறைகள் தோன்றின. கறை தோன்றிய இடத்தில் தாள் நைந்தது. ஆனால் அக்கறையில் வாழ்ந்த பல்வேறு உயிர்களுள் எது தாளைத் தின்றது என்பதைப் பிரித்தறிவது எளிதாயிருக்கவில்லை.

இனி இங்கிலாந்துக்கு வருவோம். 1843 ஆம் ஆண்டில் ஜோன் பெனற் லோஸ் என்பவர் தமது சொந்தப் பண்ணையான ரொதம்ஸ்ரெட்டில் தொடங்கிய பயிர்ச்செய்கைப் பரிசோதனைகள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகப் புகழ்பெற்ற ஆய்வு நிலையமாக வளர்ந்திருந்தன. இரசாயன எரு தொழுவெருவுக்கு ஈடாகுமா என்னும் வினாவே அந்நிலையத்தின் பிறப்பிலிருந்து அதனைத் தொடர்ந்து வந்தது. முதலாம் உலகப் போர்க் காலத்தில் அவ்வினா ஏட்டளவில் நிற்கவில்லை. புல்வெளிகள் உழப்பட்டுத் தானியம் விதைக்கப்பட்டது, வைக்கோல் பெருகியது, அதனைத் தொழுவத்திற் பரப்பி எருவாக்கித் தரவேண்டிய கால்நடைகளோ போதவில்லை. மாடின்றி வைக்கோலை எருவாக்க இயலுமா? இவ்வினாவுக்கு விடை காண வேண்டுமாயின், வைக்கோலை மண்ணில் யார் உண்கின்றார் என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

அந்நிலையத்தின் பற்றீரியவியலாளரான எச். பி. ஹச்சின்சனும் அவரோடு பணியாற்றிய ஜே. கிளேற்றனும் ரொதம்ஸ்ரெட் மண்ணிலிருந்து ஓர் உயிரியை வளர்த்தெடுத்து, 1919 இல் அதனை விவரித்தனர். வடிதாளில் அது மஞ்சள் நிறச் சளியமாகப் பரவியது. நுணுக்குக்காட்டியிற் பார்த்தபோது, இரு முனைகளும் கூராகி நீண்டு மெலிந்த, விறைப்பற்ற இழைகளாக அதன் கலங்கள் தோன்றின. அவை வளைந்தன, நெளிந்தன, ஆனால் நீந்தவில்லை, சவுக்குமுளையும் தென்படவில்லை. வளர்ப்பு முதிர்ந்தபோது, அவ்விழைகள் உருண்டு திரண்டு வித்தியைப் போன்ற வட்ட உருக்களாக மாறின. அது செலுலோசையன்றி வேறெந்தக் காபன் உணவையும் ஏற்பதாகத் தெரியவில்லை. வெல்லங்களைக் கொடுத்தபோது வளராததோடு, சில வெல்லங்கள் அதற்கு நஞ்சாகவும் தோன்றின. கடினமான செலுலோசைத் தின்னும் உயிருக்கு இனிய குளுக்கோசு நஞ்சாகும் என்பது விந்தையான முடிபே. இதற்குப் பின்னர் மீளுவோம்.

இவ்வுயிருக்கு என்ன பெயரிடுவது? வளைந்து நெளியும் மெல்லிழையாயிருந்து, விறைத்த கலச்சுவரும் சவுக்குமுளையும் இல்லாத பற்றீரியங்கள் என்றால் அக்காலத்தவர் நினைவுக்கு வந்தவை ஸ்பைரோகீற்றுக்களே. 1905 இற் கிரந்திநோயின் கிருமியும் அக்கூட்டத்திலேயே கண்டறியப்பட்டிருந்தது. எனவே ஹச்சின்சனும் கிளேற்றனும் தம் உயிரிக்கு ஸ்பைரோகீற்றா சைற்றோபாகா என்று பெயரிட்டனர். வைக்கோலை எருவாக்கும் அப்பாவி உயிரொன்று இவ்வாறாகக் கிரந்திநோய்க் கிருமியின் உறவினராகப் பதிவுபெற்றது. இதற்காக அவ்விருவரையும் நகைத்தல் நியாயமன்று. உருவத்தையும் அசைவையும் விட்டால் வகைப்படுத்த வேறு சான்று எதுவும் அன்று எவர் கையிலும் இருக்கவில்லை.

பெயர் பிழைத்தாலும் பயன் பிழைக்கவில்லை. செலுலோசுண்ணிகள் தம் உடலைக் கட்டுவதற்கு நைதரசனும் வேண்டும். வைக்கோலிலோ அது மிகக் குறைவு. ஆகவே வைக்கோலை அப்படியே உழுது புதைத்தால், நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள அமோனியாவையும் நைத்திரேற்றையும் தாமே கவர்ந்துகொள்ளும். பயிர் மஞ்சளித்து நிற்கும். அனுபவமுள்ள கமக்காரர் இதனைக் காரணம் அறியாமலே அறிந்திருந்தனர். ஹச்சின்சனும் ஈ. எச். றிச்சர்ட்சும் 1921 இல் வெளியிட்ட செயற்கைத் தொழுவெரு முறை இவ்வறிவின் மேல் எழுந்ததே. நூறு பங்கு உலர் வைக்கோலுக்கு ஏறத்தாழ 0.7 பங்கு நைதரசன் கிடைக்குமாறு அமோனிய உப்பைச் சேர்த்து, அமிலம் மிகாதபடி சுண்ணாம்பும் இட்டு, ஈரமும் காற்றும் கொடுத்துக் குவித்துவைத்தால், சில மாதங்களில் வைக்கோல் தொழுவெருவைப் போன்ற கரிய எருவாகின்றது என அவர்கள் காட்டினர். 'அட்கோ' என்னும் வணிகப் பெயரில் இம்முறை பரவியது. இந்தூரில் அல்பேட் ஹவாட் வகுத்து, 1931 இல் யஷ்வந்த் வாட் என்பவரோடு சேர்ந்து நூலாக வெளியிட்ட கூட்டெரு முறையும் இதனைத் தெரிந்துகொண்டே எழுந்தது. ஆயினும் ஹவாட் அமோனிய உப்புக்குப் பதிலாகச் சாணத்தையும் கோமியத்தையும் பயன்படுத்தினார். 1930களின் இறுதியில் ஹவாட் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்து அம்முறையைப் பரப்பியமையால், ரொதம்ஸ்ரெட்டின் அந்த மஞ்சட் கறைக்கும் எமது மலைநாட்டுக்கும் சுற்றிவளைத்த ஒரு தொடர்பு உண்டு.

கூட்டெருக் குவியல் சூடேறும் கட்டத்தில் வேலை செய்வன வெப்பவிருப்புள்ள பற்றீரியங்களும் பங்கசுக்களுமே. சைற்றோபாகா ஏறத்தாழ 30 பாகை செல்சியசில் நன்கு வளரும் உயிர். நீர் தேங்கிய வயலின் ஒட்சிசனற்ற சேற்றில் அதற்கு இடமில்லை. ஆகவே எருவாக்கத்தின் முழுப் பெருமையையும் அதற்கே சூட்டுதல் மிகையாகும். எனினும் நைதரசனைக் கடன்வாங்கும் அக்கணக்கு எந்தச் செலுலோசுண்ணிக்கும் பொதுவானது. 2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் எமது நாட்டில் இரசாயன எரு இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவெம்பரில் அத்தடை தளர்த்தப்படும்வரை நிகழ்ந்தவற்றைக் கண்டோர், நூறாண்டுகளுக்கு முன் ரொதம்ஸ்ரெட்டில் எழுதப்பட்ட அக்கணக்கை யாரேனும் எடுத்துப் பார்த்தார்களா என்று கேட்பதில் நியாயம் உண்டு. அன்று அங்கு கண்டறியப்பட்டது கூட்டெரு பயனற்றது என்பதன்று. அதற்கு நைதரசனும் காலமும் கொடுத்தேயாக வேண்டும் என்பதே.

சைற்றோபாகா என்னும் சாதிப்பெயரைத் தந்தவர் சேர்கேய் வினோகிராட்ஸ்கி. 1856 இற் கீவ் நகரிற் பிறந்த இவர், இளமையிற் பியானோ பயின்று, பின்னர் விஞ்ஞானத்துக்குத் திரும்பியவர். ஸ்ராஸ்பூர்க்கில் கந்தகப் பற்றீரியங்களை ஆராய்ந்து, அசேதனப் பொருளை ஒட்சியேற்றிப் பெறும் சத்தியைக் கொண்டே ஓர் உயிர் வாழமுடியும் என்று காட்டியதும், 1890 அளவிற் சூரிச்சில் நைத்திரேற்றும் பற்றீரியங்களைப் பிரித்தெடுத்ததும், பின் சென் பீற்றர்ஸ்பேர்க்கில் வளிமண்டல நைதரசனைப் பதிக்கும் குளொஸ்திரிடியத்தைக் கண்டதும் இவருடைய பெருஞ்செயல்கள். ஒமெலியான்ஸ்கி இவருடைய உதவியாளரே. இவ்வளவும் நிறைவேற்றிய பின், ஏறத்தாழ ஐம்பதாவது வயதில் வினோகிராட்ஸ்கி ஆய்வுகூடத்தைத் துறந்து, தம் குடும்பப் பண்ணையிற் சென்றமர்ந்தார். இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளில் நுண்ணுயிரியல் அவரின்றியே நடந்தது.

புரட்சி அவரைப் பண்ணையிலிருந்து வெளியேற்றியது. நிலமும் நாடும் போயின. சிலகாலம் பெல்கிரேட்டிற் கற்பித்திருந்தவரை, 1922 இற் பாரிசிலுள்ள பாஸ்ரர் நிறுவனத்தின் தலைவர் எமில் றூ அழைத்தார். அப்போது வினோகிராட்ஸ்கிக்கு அறுபத்தாறு வயது. பாரிசுக்கு அண்மையில் பிரி-கொம்த்-றொபேர் என்னும் சிற்றூரில் நிறுவனத்துக்குச் சொந்தமான வீடொன்றும் தோட்டமும் அவருக்கு வழங்கப்பட்டன. பிறர் ஓய்வுபெறும் வயதில் அவர் தமது இரண்டாவது ஆய்வு வாழ்க்கையைத் தொடங்கினார். 1953 இல் இறக்கும்வரை அவ்வூரே அவருக்கு இருப்பிடமாயிற்று.

திரும்பி வந்தவர் கண்டது தமக்கு உடன்பாடற்ற ஒரு துறை. மண்ணைக் கரைத்து, சத்துமிக்க ஏகாரில் ஊற்றி, எழும் குடியிருப்புக்களை எண்ணி, அவற்றின் தூய வளர்ப்புக்களை ஆராய்ந்து, அதனையே மண்ணுயிரியல் என்று அழைத்தனர். விருந்துச்சாலையில் உண்போரைக் கணக்கெடுத்து ஊர்மக்களின் அன்றாட உணவை உரைப்பது போன்றது அது என்பதே அவர் குறையாயிருந்தது எனலாம். மண்ணின் உயிர்களை மண்ணிலேயே, அவை உண்ணும் உணவோடு வைத்து நோக்கவேண்டும் என அவர் வலியுறுத்தினார். என்றும் மந்தமாக இயங்கிக்கொண்டிருக்கும் உள்ளூர் உயிர்கள் ஒருசார். உரிய உணவு வந்து விழும்போது மாத்திரம் எழுந்து பெருகி, அது தீர்ந்தபின் ஒடுங்கும் உயிர்கள் மற்றொருசார். இவ்விரு சாராரையும் அவர் வேறுபடுத்தினார். செலுலோசுண்ணி இரண்டாம் சாராருக்குச் சிறந்த உதாரணம் என்பது வெளிப்படை.

இந்நோக்கிலேயே அவர் செலுலோசை அணுகினார். நைத்திரேற்றும் பற்றீரியங்களுக்காக முன்னர்த் தாம் கையாண்ட சிலிக்கா ஜெல்லை மீண்டும் எடுத்தார். சேதனப் பொருள் அணுவளவும் இல்லாத அந்த ஜெல்லைக் கனியுப்புக்களால் நனைத்து, அதன்மேல் ஒரு வடிதாளை ஒட்டவைத்து, மண் பருக்கைகளை நிரையாக வைத்தார். தாளைத் தவிர வேறு உணவில்லை. ஆதலால் தாளைத் தின்ன வல்லவை மாத்திரம் எழுந்தாகவேண்டும். சில நாட்களில் ஒவ்வொரு பருக்கையையும் சூழ்ந்து மஞ்சளும் செம்மஞ்சளுமான ஒளிவட்டங்கள் தோன்றி, அவ்விடங்களில் தாள் ஒளி ஊடுருவும் சளியமாகியது. எழுபத்துமூன்று வயது முதியவர் அத்தாளின் நார்களைப் பிரித்து நுணுக்குக்காட்டியில் வைத்தபோது கண்டதை, அவருடைய கண்டுபிடிப்புக்களுள் மிக அழகியது என்றே கருதுகின்றேன். மெல்லிய கலங்கள் நாரின்மேல் தாறுமாறாகக் கிடக்கவில்லை. அனைத்தும் நாரின் நுண்ணிழைகளுக்குச் சமாந்தரமாக, ஒன்றோடொன்று நெருங்கி, நிரைநிரையாகப் படிந்து கிடந்தன. நார் கரையக் கரைய, அதன் உருவத்தைக் கலங்களின் நிரையே காட்டிநின்றது.

1929 இற் பாஸ்ரர் நிறுவனத்தின் ஆய்வேட்டில் வெளியான அவருடைய நீண்ட கட்டுரை, ஸ்பைரோகீற்றாக்களிலிருந்து இவ்வுயிர்களை விடுவித்தது. ஹச்சின்சன் இனப்பெயராகத் தந்த 'சைற்றோபாகா'வை அவர் சாதிப்பெயராக உயர்த்தி, தலைமை இனத்துக்கு ஹச்சின்சனின் நினைவாகச் சைற்றோபாகா ஹச்சின்சோனீ என்று பெயரிட்டார். நிறத்தால் வேறுபட்ட லூற்றியா, ஒறான்ரியாக்கா என்னும் இனங்களையும் உடன் விவரித்தார். அவர் கூறிய அனைத்தும் நிலைக்கவில்லை. செலுலோசு ஒட்சிசெலுலோசாக மாறி அழிகின்றது, வெல்லம் இடையில் தோன்றுவதேயில்லை என்பது அவர் கொள்கை. பின்வந்தோர் அதனை ஏற்கவில்லை. எனினும் உண்பதற்கு நாரைத் தொட்டேயாகவேண்டும் என்ற அவருடைய நோக்கல் இன்றும் நிற்கின்றது.

அப்பெயரீட்டில் ஒரு முரணும் மறைந்திருந்தது. அக்காலத்திற் போலந்திலிருந்த லுவோவ் நகரில் ஹெலேனா க்ஷெமியெனியெவ்ஸ்கா என்னும் பெண் விஞ்ஞானி, தம் கணவர் செவெரினோடு சேர்ந்து மிக்சோபற்றீரியங்களைப் பல்லாண்டுகள் ஆராய்ந்துவந்தார். 1892 இல் அமெரிக்காவில் தக்ஸ்ரர் வெளிப்படுத்திய அவ்விசித்திர உயிர்களும் சவுக்குமுளையின்றி வழுக்கி ஊர்பவை. அவையும் உருண்டு ஓய்வுநிலைக் கலங்களாவன. ஹச்சின்சனின் உயிரியினுடைய வாழ்க்கைச் சக்கரத்தை 1930 இல் ஆராய்ந்த க்ஷெமியெனியெவ்ஸ்கா, அவ்வட்ட உருக்கள் நுண்சிறைப்பைகளே எனக் காட்டி, 1933 இல் அத்தகைய இனத்துக்குச் சைற்றோபாகா மிக்சோகொக்கொயிடிஸ் என்று பெயரிட்டார். வினோகிராட்ஸ்கியின் ஹச்சின்சோனீயோ சிறைப்பை ஆக்குவதில்லை. 1940 இற் கனடாவைச் சேர்ந்த இளைஞர் ரொஜர் ஸ்ரானியர் சிறைப்பை ஆக்கும் இனத்தை ஸ்போரோசைற்றோபாகா என்னும் தனிச்சாதியாகப் பிரித்தார். இவ்வகைப்பாட்டின்படி, ரொதம்ஸ்ரெட்டில் 1919 இல் ஹச்சின்சன் கண்டது ஸ்போரோசைற்றோபாகாவே. அங்ஙனமாயின், ஹச்சின்சனின் பெயரைத் தாங்கும் பற்றீரியம் ஹச்சின்சன் கண்ட பற்றீரியமன்று.

ஸ்ரானியர் இத்துறைக்கு அளித்த மற்றொரு தெளிவு, முன்னர் விட்டுவந்த வெல்லப் புதிரைப் பற்றியது. வளர்ப்பூடகத்தில் வெல்லத்தைச் சேர்த்து வெப்பத்தால் கிருமிநீக்கும்போது வெல்லம் சிதைந்து நச்சுப்பொருள்கள் தோன்றுகின்றன. வடிகட்டலாற் கிருமிநீக்கிய குளுக்கோசைக் கொடுத்தால் சைற்றோபாகா அதனை உண்டு வளர்கின்றது என 1942 அளவில் அவர் நிறுவினார். இருபது ஆண்டுகளாக ஓர் உயிரின் இயல்பென எண்ணப்பட்டது, பாத்திரத்தைச் சூடாக்கிய விதத்தின் விளைவாயிருந்தது. ஆய்வுகூடத்திற் பயிலும் மாணவர் நினைவிற்கொள்ள வேண்டிய நிகழ்ச்சி இது.

வினோகிராட்ஸ்கியின் எழுத்து வேறோர் இடத்திலும் விளைந்தது. 1924 இல் உரோமாபுரியில் ஒரு விவசாய நிறுவனத்திற் பத்திரிகைப் பணிபுரிந்த றெனே டூபோ என்னும் பிரெஞ்சு இளைஞர், நுண்ணுயிர்களை அவற்றின் சொந்தச் சூழலில் ஆராய வேண்டும் என்று கூறும் அவருடைய கட்டுரை ஒன்றைப் படித்தார். அவ்வாண்டே அமெரிக்கா சென்று, வக்ஸ்மனிடம் மாணவராகி, மண்ணிற் செலுலோசின் அழிவையே பொருளாகக் கொண்டு 1927 இற் கலாநிதிப் பட்டம் பெற்றார். செலுலோசைத் தின்ன மண்ணில் ஓர் உயிர் இருக்குமாயின், நியூமோனியாக் கிருமியின் உறையாகிய பல்சக்கரைட்டைத் தின்னவும் ஓர் உயிர் இருக்கவேண்டும் என்பது அவர் வாதம். 1930 இல் ஏவரியுடன் சேர்ந்து அதனைக் கண்டும் காட்டினார். 1939 இல் மண் பற்றீரியமொன்றிலிருந்து கிரமிசிடினைப் பெற்றார். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளின் வரலாற்றைப் பெனிசிலினில் மாத்திரம் தொடங்குவோர், நைந்த வடிதாளின் பங்கை மறந்துவிடுகின்றனர்.

க்ஷெமியெனியெவ்ஸ்காவும் ஸ்ரானியரும் சைற்றோபாகாவை மிக்சோபற்றீரியங்களின் உறவினராகக் கொண்டனர். வழுக்கியூர்தல், மெல்லிய வளையும் கலம், சிறைப்பை ஆகிய மூன்றும் பொருந்தியிருந்தமையால் எவரும் ஐயுறவில்லை. 1965 இல் மன்டலும் லெட்பெற்றரும் இவற்றின் டி.என்.ஏயின் காரக்கூறுகளை அளந்தபோது முதல் விரிசல் தோன்றியது. மிக்சோபற்றீரியங்களிற் குவானீனும் சைற்றோசீனும் சேர்ந்து ஏறத்தாழ 70 நூற்றுவீதமாயிருக்க, சைற்றோபாகாக்களில் அவை 40 நூற்றுவீதத்தை அண்டியோ அதற்குக் குறைந்தோ இருந்தன. இத்துணை வேறுபாடு உடையவை அண்மை உறவினராதல் அரிது. 1985 இல் வூஸ் முதலியோர் இரைபோசோம் ஆர்.என்.ஏயை ஒப்பிட்டபோது ஐயம் முற்றாக நீங்கியது. சைற்றோபாகாவின் உண்மையான சுற்றத்தார் மனிதக் குடலில் வாழும் பற்றீரொயிடிசுக்களும் நீரிலும் மண்ணிலும் வாழும் பிளாவோபற்றீரியங்களுமாம். சவுக்குமுளையின்றி ஊரும் ஆற்றல் வெவ்வேறு குலங்களிலே தனித்தனியாகத் தோன்றியிருந்தது. முதலில் ஸ்பைரோகீற்று, பின்னர் மிக்சோபற்றீரியம் என இருமுறை தோற்றத்தை நம்பி ஏமாந்த வகைப்பாடு, மூன்றாம் முறையே வமிசத்தை நாடியது.

இதற்கிடையிற் சாதியும் அளவின்றிப் பருத்திருந்தது. மஞ்சள் நிறமாய் வழுக்கி ஊரும் எதனையும் சைற்றோபாகா என்று அழைக்கும் வழக்கம் வந்தமையால், செலுலோசைத் தீண்டாதவையும், கடற்பாசியின் ஏகாரைத் தின்பவையும், மீன்களின் பூவிற் புண் விளைப்பவையும் அப்பெயரிற் புகுந்தன. 1996 இல் இம்மயக்கம் தீர்க்கப்பட்டது. கைற்றினைத் தின்னும் ஜோன்சனியும், நன்னீர் மீன்களைக் கொல்லும் கொலம்னாரிசும் பிளாவோபற்றீரியச் சாதிக்கு மாற்றப்பட்டன. நாககாவாவும் யமசட்டோவும் சாதியின் வரையறையைத் திருத்தியபோது, ஹச்சின்சோனீ, ஒறான்ரியாக்கா என்னும் இரண்டு செலுலோசுண்ணிகளே அதில் எஞ்சின. 1929 இல் வினோகிராட்ஸ்கி தம் வடிதாளிற் கண்டவற்றுக்கே பெயர் திரும்பிவந்தது.

எஞ்சி நிற்பது உண்ணும் முறையின் புதிர். போர்க்காலத்திற் சொலமன் தீவுகளில் அமெரிக்கப் படையினரின் கித்தான்களை அழித்த திரிக்கோடேர்மா என்னும் பங்கசு, நொதியங்களை வெளியே சுரந்து செலுலோசைக் கரைக்கின்றது. ஒரு நொதியம் சங்கிலியை நடுவில் வெட்டும். மற்றொன்று வெட்டிய முனையிலிருந்து தொடர்ந்து கடித்துச் செல்லும். சில குளொஸ்திரிடியங்கள் பல நொதியங்களை ஒரே சட்டகத்திற் பூட்டித் தம் கலத்தின்மேல் ஏந்துகின்றன. சைற்றோபாகாவும் இவ்விரண்டில் ஒன்றையே பின்பற்றும் என எதிர்பார்த்தவர்களுக்கு 2007 இல் வெளியான ஹச்சின்சோனீயின் முழு டி.என்.ஏ வரிசை வியப்பளித்தது. ஏறத்தாழ 44 இலட்சம் காரச்சோடிகள் கொண்ட அதன் ஒற்றை நிறமூர்த்தத்தில், நடுவில் வெட்டும் நொதியங்களுக்கான பரம்பரையலகுகள் பல இருந்தன, முனையிலிருந்து கடித்துச் செல்லும் நொதியத்துக்குரியது எதுவும் அறியக்கூடியதாக இல்லை, சட்டகத்துக்குரியதும் இல்லை. வளர்ப்புத் திரவத்தைக் கலமின்றி வடித்தெடுத்துப் பளிங்குருச் செலுலோசின்மேல் இட்டால், அது கரைவதில்லை. கலம் நாரின்மேற் படிந்திருக்கவேண்டும்.

படிந்திருப்பதும் ஊர்வதும் தம்முள் எவ்வாறு தொடர்புபடுகின்றன என்பதற்கு உறவினமாகிய பிளாவோபற்றீரியம் ஜோன்சனி சிறிது ஒளி தந்துள்ளது. அதன் கலப்பரப்பில் ஒட்டும் புரதங்கள் ஒரு தடத்தின் வழியே ஓடுகின்றன. ஒட்டிய புரதம் பரப்பிற் பற்றிநிற்க, கலம் முன்செல்கின்றது. அப்புரதங்களைக் கலத்துக்கு வெளியே கொணரும் சுரப்புத் தொகுதி ஹச்சின்சோனீயிலும் உண்டு. 2014 இல் அத்தொகுதிக்குரிய ஒரு பரம்பரையலகை ஹச்சின்சோனீயிலிருந்து நீக்கிப் பார்த்தபோது, அப்பற்றீரியம் ஊரும் ஆற்றலையும் வடிதாளைத் தின்னும் ஆற்றலையும் ஒருங்கே இழந்தது. ஊர்தலை இழந்தமையால் உண்ணல் கெட்டதா, அல்லது இரண்டுக்கும் வேண்டிய புரதங்கள் ஒரே வாயிலால் வெளிவர வேண்டியிருந்தமையால் இரண்டும் சேர்ந்து கெட்டனவா என்பதை அந்த ஒரு பரிசோதனையைக் கொண்டு கூறமுடியாது. நாரின் நுண்ணிழைகளுக்குச் சமாந்தரமாகக் கலங்கள் ஏன் நிரைகொள்கின்றன என்னும் வினாவும் அதனோடு சேர்ந்தே நிற்கின்றது.